யார் சொல்லி வந்தீர்கள்?

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு வைத்தியரிடமோ தையற்காரரிடமோ போனால், வந்த காரியத்தை விசாரிப்பதற்கு முன்னர் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "யார் சொல்லி வந்தீங்க?" நாம் சொல்லும் பதிலில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. நாலு பேர் மதிக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார். எவரைக் கண்டாலும் எங்காவது அனுப்பிவைக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னால் இலேசாகச் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். சிபாரிசு என்பது எண்ணிக்கையில் இல்லை, சிபாரிசு செய்பவரில் இருக்கிறது என்பதை எவரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

கூகிள் என்ற தேடுபொறி ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் தன் வேலையைத் தொடங்கியது. இதை நான் அறிந்துகொண்டபோது எனக்குள் ஓர் இலக்கியவாதியின் ஆர்வமே எழுந்தது. கணனிக்காரரின் ஆர்வம் அல்ல. முப்பது வருடங்களுக்கு மேலாக விமர்சனம், அணிந்துரை, நூல் அறிமுகம் என்று எழுதி வருபவன் நான். ஒரு நூல் எப்படி வாசகனின் கைக்குப் போய்ச் சேருகிறது, எந்த நூல் ஏன் சேராமலே போய்விடுகிறது என்பது என்னை விடாது தொடரும் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு கணிதம் இருக்கக்கூடும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தேடுபொறிகள் பல இருந்தன. தேடும் சொல் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்பவற்றையே அவை பெரிதும் பார்த்தன. இதன் பலவீனத்தை வியாபாரிகள் விரைவில் கண்டுபிடித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதிவைத்தார்கள். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. இயந்திரத்துக்கோ அந்தப் பக்கம் அந்த விடயத்தில் பெரிய மேதையாகத் தெரிந்தது. தன்னைப் பற்றித் தானே அதிகம் பேசுபவனைப் பண்டிதன் என்று நம்பிவிடும் சபையைப் போன்றதுதான் இது. 1997 நவம்பரில் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு, கூகிளைத் தோற்றுவித்தவர்கள் தமது ஆய்வுக் கட்டுரையிலே ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள். அன்று முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் சொந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினால் முதல் பத்து விடைகளுக்குள் தன்னையே காட்டக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்!

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லெரி பேஜும் சேர்ஜி பிரினும் பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை விட, மற்றப் பக்கங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதே முக்கியம் என்றார்கள். ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு வைக்கப்படும் இணைப்பு அவர்களுக்கு ஒரு சாட்சியமாகத் தெரிந்தது. 1996இல் தொடங்கிய இந்த முயற்சிக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. பின்னால் வந்து சேரும் இணைப்புகளைப் பார்ப்பதால் அந்தப் பெயர். அதே 1996இல், பிற்காலத்தில் சீனாவின் பைடு தேடுபொறியைத் தொடங்கிய ரொபின் லீயும் இணைப்புகளைக் கொண்டு பக்கங்களைத் தரப்படுத்தும் 'ரேங்டெக்ஸ்' என்ற முறையை உருவாக்கியிருந்தார். 1998 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் பேஜும் பிரினும் தமது கட்டுரையைச் சமர்ப்பித்தபோது, அவர்களது கணனிகள் 2 கோடி 40 இலட்சம் பக்கங்களையும் அவற்றிலிருந்த 25 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் சேகரித்திருந்தன. அவ்வருடம் செப்டெம்பரில் கூகிள் ஒரு கம்பனியாயிற்று.

இந்தச் சிந்தனையின் வேர் இணையத்துக்கு முந்தியது. அது எங்கள் துறையான நூல்களின் உலகத்திலிருந்து போனது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தகவலியலாளர் 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு யோசனையை முன்வைத்தார். எந்த ஆய்வுக் கட்டுரையை எவரெவர் தமது உசாத்துணையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பட்டியலிட்டால், அறிவு எந்த வழியால் நகர்கிறது என்று காணலாம் என்பதே அது. அறுபதுகளில் அந்தப் பட்டியல் பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1976இல் கப்ரியேல் பின்ஸ்கி, பிரான்சிஸ் நாரின் இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். மேற்கோள் காட்டும் சஞ்சிகைக்கே எவ்வளவு மதிப்பு என்று பார்த்துத்தான் அதன் மேற்கோளை எடைபோட வேண்டும் என்றார்கள். ஆகவே, நூலின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகும் உசாத்துணைப் பட்டியல்தான் தேடுபொறியின் மூதாதை எனலாம்.

கணக்கு எளிமையானது. ஒரு பக்கத்துக்கு 12 என்று ஒரு மதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மூன்று பக்கங்களுக்கு இணைப்பு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 4 போகும். நூறு பக்கங்களுக்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.12தான் கிடைக்கும். இவ்விடத்தில் எனக்குச் சில பேராசிரியர்களின் அணிந்துரைகள் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. வெளிவரும் கவிதைத் தொகுதிகள் யாவற்றையும் 'காலத்தின் தேவை' என்று எழுதும் ஒருவரின் சொல், ஒரு தொகுதிக்கு எவ்வளவைக் கொண்டுவந்து சேர்க்கும்? வாழ்நாளில் மூன்று அணிந்துரை மட்டும் எழுதிய ஒருவரின் பெயரைக் கண்டால் நாம் ஏன் அந்த நூலைப் புரட்டிப் பார்க்கிறோம்? வாசகர்கள் மனதால் செய்யும் இந்தப் பிரித்தலை அவர்கள் எண்ணாலே செய்தார்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு பக்கங்கள் வேறு எவரையும் சுட்டாமல் ஒன்றையொன்று மட்டும் சுட்டிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து வரும் மதிப்பெல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள் போய்த் தேங்கிவிடும். இதைத் தவிர்ப்பதற்காக அவர்கள் இலக்கில்லாமல் சுற்றும் ஒரு வாசகரைக் கற்பனை செய்தார்கள். அவர் நூறு தடவையில் ஏறத்தாழ 85 தடவை பக்கத்திலுள்ள ஏதாவதோர் இணைப்பைப் பின்தொடர்வார். மிச்சம் 15 தடவை சலித்துப்போய் சம்பந்தமில்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்கிறேன் என்று இயங்கும் குழுக்கள் நம்மத்தியிலும் இல்லாமல் இல்லை. அங்கேயும் வாசகர் சலித்துத்தான் போகிறார். ஆனால் அந்தச் சலிப்பை எண்ணிக்கையில் எடுத்தவர்கள் இவர்கள்தான்.

தமிழுக்கு முக்கியமான ஒரு விடயம் இந்த முறைக்குள் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசியதில்லை. இணைப்பு எந்தச் சொற்களின் மீது வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தச் சொற்களையும் கூகிள் போய்ச்சேரும் பக்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. பக்கத்துக்குள்ளே அந்தச் சொல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்தே இல்லாத படமாக இருந்தாலும், அதைச் சுட்டியவர் என்ன பெயர் சொல்லிச் சுட்டினாரோ அந்தப் பெயரால் அது கண்டுபிடிக்கப்படும். நம்முடைய பழைய சஞ்சிகைகள் இணையத்தில் பெரும்பாலும் படங்களாகவே இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து ஏற்றியிராவிட்டால் அவற்றில் பல இன்று எங்கே தேடியும் கிடைக்காது. அதற்கு முன்னர் பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்டவையோ, கண்ணுக்குத் தமிழாகவும் கணனிக்கு ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகவும் இருந்தன. படத்திலிருந்து தமிழெழுத்தை வாசிக்கும் தொழில்நுட்பம் இன்று வளர்ந்திருக்கிறது என்றாலும், மங்கிய அச்சைக் கண்டால் அது தடுமாறவே செய்கிறது. இப்படிப்பட்ட ஒரு பக்கத்தை யாராவது ஒருவர் கதையின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் சொல்லிச் சுட்டினால் அது பிழைத்துக்கொள்ளும். 'இங்கே பார்க்க' என்று மட்டும் எழுதிச் சுட்டினால் அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் போய்ச் சேராது.

இதை நான் ஏட்டுப் படிப்பாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பிரதேசத்தைச் சேர்ந்த நான்கு எழுத்தாளர்களின் சிறுகதைகள், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பத்திரிகைகளில் வந்து, நூலுருப் பெறாமலே கிடந்தன. நால்வரும் காலமாகிவிட்டார்கள். குடும்பத்தவர்களிடம் அனுமதி வாங்கி, கிடைத்த கதைகளை ஒருங்குறியில் நானே தட்டச்சுச் செய்து ஒரு சிறு இணையத்தளத்தில் ஏற்றினேன். கண் வைத்தியர் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு இரவுகள் போயின. ஏற்றி முடித்துச் சில மாதங்களாகியும் எவரும் வரவில்லை. எழுத்தாளரின் பெயரைப் போட்டுத் தேடினேன். அதே பெயருள்ள ஒரு கட்டடப் பொருள் வியாபாரி வந்தார், ஒரு கிரிக்கெட் வீரர் வந்தார், எங்கள் தளம் வரவில்லை.

கொழும்பில் இணையத்தளங்கள் வடிவமைக்கும் என் தங்கையின் மகனிடம் கேட்டேன். "மாமா, உங்கட தளம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு வாறதுக்கு ஒருத்தருமே பாதை வைக்கல்லயே. பாதை இல்லாத வீட்டுக்கு தபால்காரன் எப்படி வருவான்?" என்றான். அவன் சொன்னது சரி. பக்கங்களைச் சேகரிக்கும் கூகிளின் இயந்திரம் பெரும்பாலும் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்கு நடந்துதான் புதிய பக்கங்களைக் கண்டடைகிறது. வந்துசேர்ந்த பிறகும், இதைப் பற்றி யார் சொன்னார்கள் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. அந்த நான்கு பேருக்கும் இணையத்தில் சாட்சி சொல்ல ஒருவருமில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அவர்களுக்குச் சாட்சி சொன்னவர்கள் குறைவுதான்.

"காசு குடுத்தா இணைப்பு வாங்கலாம்" என்றும் மருமகன் சொன்னான். அது உண்மைதான் என்பதற்கு, அடுத்த கிழமைகளில் எனக்கே மின்னஞ்சல்கள் வந்தன. ஒரு தொகை அனுப்பினால் ஐந்நூறு தளங்களிலிருந்து இணைப்புத் தருவதாக ஒருவர் எழுதியிருந்தார். உதாரணத்துக்கு அவர் காட்டிய தளங்களைப் பார்த்தேன். பல் வைத்தியம், கடன் அட்டை, சூதாட்டம். எழுபதுகளில் ஒரு சிறுசஞ்சிகையில் வந்த சிறுகதைக்குச் சூதாட்ட விடுதி ஒன்று சாட்சி சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பணத்தை மிச்சம் பிடித்தேன் என்பதல்ல விடயம். தமக்கு ஒரு பாராட்டு வார்த்தையை எவரிடமும் கேட்டுப் போகாத மனிதர்கள் அவர்கள். அவர்கள் போன பிறகு அவர்களின் பெயரில் நான் சாட்சியை விலைக்கு வாங்குவது எப்படி?

சாட்சியத்துக்குப் பெறுமதி உண்டென்று தெரிந்த மறுநாளே பொய்ச் சாட்சி பிறந்துவிடுகிறது. இணையத்தில் நடந்ததும் இதுதான். முதலில் வந்தது விளையாட்டு. 2001இல் அடம் மாதஸ் என்ற அமெரிக்க இளைஞர், பலர் சேர்ந்து ஒரே சொற்றொடரால் ஒரே பக்கத்தைச் சுட்டினால் அந்தப் பக்கம் மேலே வந்துவிடும் என்று செய்துகாட்டினார். அதற்குக் 'கூகிள் குண்டு' என்று பெயராயிற்று. 2003இல் 'படுதோல்வி' என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களால் பலர் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் உத்தியோகபூர்வ வாழ்க்கைக் குறிப்பைச் சுட்டினார்கள். அந்தச் சொற்கள் அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் அவற்றைத் தேடியவர்களுக்கு முதலில் வந்தது புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புத்தான். இதைச் சமாளிக்கக் கூகிள் தன் முறையை மாற்றியதாக 2007 ஜனவரியில் அறிவித்தது.

விளையாட்டுக்குப் பின்னால் வியாபாரம் வந்தது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய சில்லறை வியாபார நிறுவனமான ஜே. சி. பென்னி, பண்டிகைக் காலத்தில் ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகிளில் முதலாவதாக வந்துகொண்டிருந்தது. பத்திரிகை ஆராய்ந்தபோது, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவற்றைத் தாம் செய்விக்கவில்லை என்றது நிறுவனம். தனது தேடல் ஆலோசகர்களை விலக்கியது. கூகிள் தண்டனை கொடுத்தது. ஒரு வகைப் பயணப்பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த நிறுவனம், இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போயிருந்தது. சாட்சிகள் பொய்யென்று தெரிந்ததும் வழக்கு எப்படிச் சரிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேகமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

இன்னொரு சம்பவம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2010 நவம்பரில் அதே பத்திரிகை, மூக்குக்கண்ணாடி விற்கும் ஓர் இணைய வியாபாரியைப் பற்றி எழுதியது. ஏமாற்றப்பட்டவர்கள் எழுதும் முறைப்பாடுகளால் தன் கடை தேடலில் மேலே ஏறுகிறது என்று அவர் பெருமையடித்திருந்தார். இணைப்பை எண்ணும் இயந்திரத்துக்குப் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றுதான் என்பது அவரது நம்பிக்கை. சில நாட்களில், வாடிக்கையாளரை மோசமாக நடத்தும் வியாபாரிகளைக் கீழே தள்ளும் மாற்றமொன்றைச் செய்திருப்பதாகக் கூகிள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இப்படிக் கூகிளும் ஏமாற்றுபவர்களும் மாறிமாறி ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2005 ஜனவரியில் கூகிள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் ஓர் அடையாளத்தை ஏற்றுக்கொண்டன. அந்த அடையாளமிட்டு வைத்த இணைப்பு, வழியைக் காட்டும், சாட்சி சொல்லாது. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியா தனது வெளியிணைப்புகள் யாவற்றுக்கும் இந்த அடையாளத்தைப் போட்டது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற பெயரில் வந்த மாற்றம், செயற்கையாக இணைப்புச் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. ஒரு பக்கத்தின் மதிப்பைப் பத்துக்கு இத்தனை என்று எல்லோருக்கும் காட்டி வந்த சிறு பட்டையைக் கூகிள் 2016இல் அகற்றிவிட்டது. எண் தெரிந்தால் அதற்கு விலையும் தெரிந்துவிடுகிறதல்லவா? இன்று இணைப்பு பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. ஆனாலும் பேஜின் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய முறை, வெகுவாக மாறிய வடிவத்தில், தன் அடிப்படை முறைகளுள் ஒன்றாகத் தொடர்வதாகக் கூகிளின் ஆவணங்களே சொல்கின்றன.

இந்த முறையில் ஓர் அநீதியும் உண்டு. ஏற்கெனவே மேலே இருப்பதைத்தான் பலர் காண்கிறார்கள்; கண்டதைத்தான் சுட்டுகிறார்கள்; சுட்டியது இன்னும் மேலே போகிறது. சிறிய மொழிக்குள் இருக்கும் சிறிய சமூகத்தின் இலக்கியத்துக்கு இது கடினமான ஏணி. முதற்பிரதி வாங்கியவரின் புகைப்படம் பத்திரிகையில் வரும். நூலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர், ஆண்டு, பக்கம் குறிப்பிட்டு எழுத ஆளிருக்காது. 'அண்மையில் ஒரு நல்ல கதை வாசித்தேன்' என்று எழுதுவோம். எந்தக் கதை, எவருடையது, எங்கே வந்தது என்று எழுத மாட்டோம். தேடுபொறி எங்களைப் புறக்கணிக்கிறது என்று குறைசொல்ல முன்னர், நாம் ஒருவரையொருவர் எவ்வளவு சுட்டியிருக்கிறோம் என்று பார்ப்பது நியாயம்.

எங்கள் நான்கு எழுத்தாளர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகமொன்றில் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர், தன் மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலை இணையத்தில் இட்டபோது அதில் இரண்டு கதைகளை ஆசிரியர் பெயருடன் சேர்த்துக்கொண்டார். நான் கேட்டு அவர் செய்யவில்லை. கதைகள் பிடித்திருந்தன, சேர்த்தார். பிறகு ஒரு நூலகர் தன் பட்டியலில் சேர்த்தார். புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவர் தன் கட்டுரையில் ஒரு கதையைப் பற்றி விரிவாக, ஒரு குறையையும் சுட்டிக்காட்டி, எழுதினார். மொத்தம் மூன்றே மூன்று. சில மாதங்களில் பெயரைப் போட்டுத் தேடினால் முதற்பக்கத்திலே எங்கள் தளம் வந்தது. கட்டடப் பொருள் வியாபாரி கீழே இறங்கியிருந்தார். ஐந்நூறு பொய்ச் சாட்சிகளால் ஆகியிருக்கக்கூடியதை மூன்று மெய்யான சாட்சிகள் செய்தன என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கூகிளின் உள்ளறையை நான் கண்டவனல்ல. ஆனால் நடந்தது இது.

அதற்குப் பின்னர் வெளிநாடொன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நால்வரில் ஒருவரின் மகளுடைய மகள். உம்மாவின் வாப்பா கதை எழுதுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை, சும்மா பெயரைப் போட்டுத் தேடினேன் என்று எழுதியிருந்தார். ஐந்து கதைகளையும் ஒரே இரவில் வாசித்தாராம். ஒரு கதையில் வரும் கிணற்றடி தங்கள் பழைய வளவுக் கிணற்றடிதானா என்று கேட்டிருந்தார். ஆம் என்று பதில் எழுதினேன்.

இப்போது தேடினால் பல வேளைகளில் பக்கங்களின் பட்டியலுக்கு முன்னால் இயந்திரமே எழுதிய விடையொன்று வந்து நிற்கிறது. வாசகர் மூலப் பக்கத்துக்குப் போகாமலே திரும்பிவிடக்கூடும். இனி இணைப்புக்கு மதிப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்த விடையும் எவரோ எழுதிய பக்கங்களிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். நாம் பெயர் சொல்லி எழுதாத எழுத்தாளரைப் பற்றி அதற்கு மட்டும் யார் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே நான் எனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நூலைப் பற்றி எழுதினால் ஆசிரியரின் முழுப்பெயர், நூலின் பெயர், வெளிவந்த ஆண்டு, எங்கே வாசிக்கக் கிடைக்கும் என்ற நான்கையும் தவறாமல் எழுதுவேன். பிடிக்காத நூலுக்கு அணிந்துரை எழுத மாட்டேன். அதனால் சில நண்பர்களுக்கு என்மீது மனத்தாங்கல் உண்டு. இந்த மாதம் ஒரு கதையைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். எழுதியவர் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை; இதுவரை அவரைப் பற்றி எவரும் ஒரு வரியும் எழுதவில்லை.